ஆபீஸில் நாள் முழுக்கப் போட வசதியான க்ளோஸ்டு-பேக் ஹெட்போன்: எதைப் பார்த்து வாங்குவது?

மௌனமேசை கேட்டது:

தினமும் ஆறேழு மணி நேரம் ஹெட்போன் தலையில் இருக்கும். இரண்டு பக்கமும் ஆட்கள், நடுவில் தடுப்பு கிடையாது. அதனால் கப்பின் வெளிப்பக்கம் திறந்திருந்து சத்தம் கசியும் ஓப்பன்-பேக் சரிப்படாது, வெளிப்பக்கம் மூடிய க்ளோஸ்டு-பேக்தான் வேண்டும். இப்போது இருப்பது காதின் மேலேயே உட்காரும் ஆன்-இயர் வகை. ஒரு மணி நேரத்தில் மடல் வலிக்கிறது, மூக்குக் கண்ணாடியின் காம்பு இருக்கும் இடத்தில் அழுத்துகிறது. லேப்டாப்பில் நேரடியாகச் சொருகித்தான் கேட்பேன், தனி ஆம்ப் (சத்தத்தைக் கூட்டித் தரும் பெட்டி) வைக்க இடமில்லை. கேட்பது பெரும்பாலும் வாத்திய இசை. எடை குறைவாகப் பார்த்து எடுத்தால் போதுமா?

பஞ்சுமெத்தை:

எடையை மட்டும் பார்த்து எடுக்காதீர்கள். சோனி எம்டிஆர்-7506 வெறும் 230 கிராம்தான். ஆனால் அதன் பேட் (காதைச் சுற்றி உட்காரும் மெத்தை) ஆழமில்லாதது, பலருக்குக் காது உள்ளே துணியில் முட்டும். பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ 270 கிராம். அதன் பேட் ஆழமாக, வட்டமாக இருப்பதால் மணிக்கணக்கில் போட்டிருக்கலாம்.

முதலில் ஒரு ஸ்கேல் எடுத்து உங்கள் காதை அளந்துகொள்ளுங்கள். மேல் விளிம்பிலிருந்து சோணை வரை எவ்வளவு உயரம், தலையிலிருந்து எவ்வளவு தூரம் வெளியே நிற்கிறது என்ற இரண்டும் தெரிந்தால் போதும். உயரம் 6 செ.மீ.க்குக் கொஞ்சம் மேலே, வெளியே நிற்பது 2 செ.மீ.க்குப் பக்கம் என்பது பெரியவர்களிடம் சாதாரணமாகக் காணும் அளவு. பேட்டின் உள்வாய் அந்த உயரத்தைவிடப் பெரிதாகவும், ஆழம் காது நிற்கும் தூரத்தைவிட அதிகமாகவும் இருக்க வேண்டும். பெட்டியில் போட்டிருக்கும் 40 மிமீ, 50 மிமீ என்பதெல்லாம் உள்ளே ஒலி எழுப்பும் டிரைவரின் அளவு; பேட்டின் வாயளவு என்று குழம்பிவிட வேண்டாம். புது ஸ்பாஞ்ச் நாளாக நாளாக அமுங்கும் என்பதால் ஆழத்தில் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கட்டும். காது நுனி உள்துணியில் லேசாகப் பட்டாலும் முதலில் கூச்சம்தான் தெரியும், வலி பிறகுதான் வரும். ஐந்து நிமிடம் போட்டுப் பார்த்து "நல்லா இருக்கு" என்று முடிவு செய்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

அடுத்தது பிடிப்பு. ஆடியோ-டெக்னிகா ஏடிஎச்-எம்50எக்ஸ் நல்ல ஹெட்போன், ஆனால் புதிதில் இறுக்கமாகப் பிடிக்கும். சென்ஹைசர் எச்டி 280 ப்ரோ வெளிச்சத்தத்தை 32 டெசிபல் வரை தடுக்கும் என்று கம்பெனி சொல்கிறது. அந்தத் தடுப்பில் பெரும்பங்கு இறுக்கத்தால் வருவது, கண்ணாடி போடுபவருக்கு நாள் முழுக்கத் தாங்காது.

தலைப் பட்டைக்குள் உலோகத் தகடு இருக்கும் மாடலைத் தளர்த்தலாம். உங்கள் தலை அகலத்தைவிட 1 முதல் 2 செ.மீ. மட்டும் அதிகமான புத்தக அடுக்கில் மாட்டி ஒரு ராத்திரி விட்டுப் பாருங்கள். போதாவிட்டால் மறுநாளும். முழுக்க பிளாஸ்டிக் சட்டம் என்றால் இதைச் செய்யாதீர்கள், மடிப்பு மூட்டில் விரிசல் விடும். அளவுக்கு மீறித் தளர்த்தினாலும் பேட் தோலோடு ஒட்டாது, பேஸ் (தாழ்ந்த ஓசை) போய்விடும்.

உச்சந்தலை வலித்தால் அது வேறு கோளாறு. பட்டையின் நீளம் போதவில்லை என்று அர்த்தம். இரண்டு பக்கமும் ஒரு கிளிக் இழுத்துவிடுங்கள்.

வெலூர்வாசி:

மேலே சொன்னதோடு கண்ணாடி விஷயத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். க்ளோஸ்டு-பேக்கில் எல்லாமே பேட் இடுக்கில்லாமல் தலையோடு ஒட்டும் அடைப்பை நம்பித்தான். கண்ணாடிக் காம்பு பேட்டைத் தூக்கிப் பிடிக்கும் சின்ன இடுக்கு வழியாகப் பேஸ் வெளியேறும், வெளிப் பேச்சு உள்ளே வரும்.

சோதிக்கும் வழி: மிருதங்கமோ பேஸ் கிதாரோ தெளிவாக வரும் பாட்டைப் போட்டு, கண்ணாடியோடு உட்கார்ந்து, இரண்டு கப்பையும் உள்ளங்கையால் லேசாக அழுத்துங்கள். அழுத்தியதும் பேஸ் திடீரென்று கனத்தால் அடைப்பு சரியில்லை. மெல்லிய தட்டைக் காம்புக்கு இந்தத் தொல்லை குறைவு. தடித்த பிளாஸ்டிக் காம்பு என்றால் மிக மிருதுவான பேட் வேண்டும்.

செயற்கைத் தோல் பேட் நன்றாக அடைக்கும், ஆனால் வியர்க்கும். ஈரமும் தோலின் எண்ணெயும் சேர்ந்து நாளடைவில் கறுப்புச் செதில்களாக உரியும். சானிடைசரால் துடைத்தால் இன்னும் சீக்கிரம் வெடிக்கும். சற்றே ஈரமான துணியால் துடைத்து உடனே உலர்த்துங்கள். வெலூர் (வெல்வெட் போன்ற துணி) பேட் காற்றோட்டமானது, உரியாது, காம்பைச் சுற்றி நன்றாக அமிழும். ஆனால் பேஸும் சத்தத் தடுப்பும் கொஞ்சம் குறையும், முடியும் தூசும் ஒட்டும். ஆறு மணி நேரத்துக்கு என் ஓட்டு வெலூருக்குத்தான்.

வாங்குமுன் அந்த மாடலுக்கு மாற்றுப் பேட் தனியாகக் கிடைக்கிறதா என்று பாருங்கள். ஒன்று கவனம்: தடிமனோ துணியோ வேறான பேட் போட்டால் ஓசையும் மாறும். டிரைவர் காதிலிருந்து தள்ளிப்போகிறது, அடைப்பும் மாறுகிறது.

ஓம்கணக்கு:

லேப்டாப்பில் நேரடியாக என்றால் ஓம் (ஹெட்போனின் மின்தடை அளவு) பார்த்தே ஆக வேண்டும். டிடி 770 ப்ரோ 32, 80, 250 ஓம் என்று மூன்று வகையில் வரும். 250 ஓம் பல லேப்டாப்பில் சத்தம் போதாமல் திணறும். 80 ஓம் பெரும்பாலும் சமாளிக்கும், ஆனால் மெல்லப் பதிவான வாத்திய இசைக்கு முழு வால்யூம் வைக்க வேண்டி வரலாம். 32 ஓம்தான் உங்களுக்கு. அதில் ஒயர் 1.6 மீட்டர், மேசைக்குச் சரியான நீளம். 80 ஓமில் 3 மீட்டர்; தரையில் தொங்கி நாற்காலிச் சக்கரத்தில் மாட்டும். இரண்டிலும் ஒயரைக் கழற்ற முடியாது, அறுந்தால் சாலிடரிங்தான்.

இன்னொரு சிக்கல்: 32 ஓம் வகை செயற்கைத் தோல் பேட்டோடு வருகிறது. வெலூர் வேண்டுமென்றால் அதே கம்பெனியின் வெலூர் பேட்டைத் தனியாக வாங்கி மாட்டிக்கொள்ளலாம். டிடி 770-இன் ட்ரெபிள் (உயர்ந்த ஓசை) கூர்மை. வயலின், ஜால்ரா குத்தினால் ஈக்வலைசரில் (ஓசையைப் பகுதி பகுதியாகக் கூட்டிக் குறைக்கும் செட்டிங்) 8 கிலோஹெர்ட்ஸ் பக்கம் 3, 4 டெசிபல் இறக்குங்கள்.

எம்50எக்ஸ் 38 ஓம், எதிலும் ஓடும். ஒயரைக் கழற்றலாம், பெட்டியிலேயே 1.2 மீட்டர் ஒயர் ஒன்று இருக்கும். ஆனால் ஆழம் குறைந்த பேட் என்பதால் காது வெளியே நிற்பவர்கள் போட்டுப் பார்க்காமல் எடுக்க வேண்டாம்.

மௌனமேசை:

மிக்க நன்றி. காது அளந்துவிட்டேன், 2 செ.மீ.க்கு மேல் நிற்கிறது, எனவே எம்50எக்ஸ் வேண்டாம். பக்கத்து ஆட்களின் பேச்சுக்கு, வெளிச்சத்தத்தை மின்னணு முறையில் குறைக்கும் நாய்ஸ் கேன்சலிங் ப்ளூடூத் எடுப்பது மேலா?

பஞ்சுமெத்தை:

ஏசி, ஃபேன் போல ஒரே சீராக வரும் தாழ்ந்த இரைச்சலை அது பிரமாதமாகக் குறைக்கும். பேச்சில் ஒரு சொல்லைப் பிரித்தறிய வைப்பது பெரும்பாலும் 1 கிலோஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலி. அங்கே மின்னணு வேலை குறைந்துவிடும், பேட்டும் கப்பும்தான் தடுக்க வேண்டும். இரைச்சல் போனபின் பேச்சு முன்னைவிடத் தெளிவாகக் கேட்பதாகச் சிலர் சொல்வது இதனால்தான். சிலருக்குக் காதடைப்பது போன்ற உணர்வும் வரும். ஏசி இரைச்சல்தான் பெரிய தொல்லை என்றால் எடுங்கள். பேச்சு மட்டும்தான் என்றால் ஒயர் வகையே போதும்.

ப்ளூடூத்தில் மீட்டிங்கும் உண்டென்றால் ஒன்று: ஹெட்போன் மைக் இயங்கியதும் பல லேப்டாப்பில் இணைப்பு அழைப்பு முறைக்கு மாறி, பாட்டு மோனோவாக (இரண்டு காதிலும் ஒரே ஓசையாக) மாறித் தகரச் சத்தமாகிவிடும். ஹெட்போன் கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். சவுண்ட் செட்டிங்கில் மைக்காக லேப்டாப்பின் மைக்கைத் தேர்ந்தெடுத்தால் ஸ்டீரியோ திரும்பிவிடும்.

வெலூர்வாசி:

எதை எடுத்தாலும் பேச்சை மறைக்க வால்யூமை ஏற்றாதீர்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல். உங்கள் ஆறேழு மணி நேரம் கிட்டத்தட்ட அங்கேதான் வந்து நிற்கிறது. பேச்சு பொறுக்கவில்லையென்றால் தாழ்ந்த அளவில் மழைச் சத்தம் ஓடவிடுவது நல்லது.

பக்கத்தில் கசிகிறதா என்பதற்கு இரண்டு கப்பையும் முகத்துக்கு முகம் ஒட்டிவைத்துக் கேட்டால் முடிவு தப்பாக வரும். பேட்டோடு பேட் ஒட்டும்போது அடைப்பு தலையில் இருப்பதைவிட நன்றாக இருக்கும். கண்ணாடியோடு போட்டு, வழக்கமான வால்யூமில் வைத்து, அடுத்த நாற்காலியில் இருப்பவரிடமே கேட்டுவிடுங்கள்.