படிக்காமலா விமான டிக்கெட் காலண்டரில் ஏறுகிறது?

பழையமோடம்:
நேற்று இன்னொரு இழையில் 'சும்மாஇரு' ஒரு முத்து உதிர்த்திருந்தார். "கூகுள் 2017-லேயே மெயில் படிப்பதை நிறுத்திவிட்டது. இன்னும் ஜிமெயிலை விட்டு ஓடுகிறவர்கள் பொழுது போகாதவர்கள்" என்று. அந்தப் பொழுது போகாதவன் நான்தான். முப்பத்து நாலு வருஷம் தொலைபேசித் துறையில் கம்பியோடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்றவன். மெயில், காலண்டர் இரண்டையும் கூகுளிலிருந்து பிடுங்கி வெளியே கொண்டுவந்து நாலைந்து வருஷம் ஆகிறது. செத்துப் போய்விடவில்லை.

என் கேள்வி ஒன்றே ஒன்று. விமான நிறுவனம் டிக்கெட்டை ஜிமெயிலுக்கு அனுப்புகிறது. நீங்கள் திறந்துகூடப் பார்க்கவில்லை. கூகுள் காலண்டரில் அந்த விமானம் தேதி, நேரத்தோடு தானாக வந்து உட்கார்ந்திருக்கிறது. இது வதந்தி இல்லை, அவர்களே பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் வசதி. படிக்காமல் எப்படி ஏறியது? பதில் சொல்லுங்கள், பிறகு பொழுதைப் பற்றிப் பேசலாம்.

சும்மாஇரு:
ஐயா வணக்கம். தனி இழையே திறந்துவிட்டீர்கள், நன்றி. நான் சொன்னது இதுதான்: 2017 ஜூனில் கூகுள் அறிவித்தது, விளம்பரத்துக்காக ஜிமெயில் கடிதங்களை இனி அலச மாட்டோம் என்று. அது உண்மை. 2017. மறுபடி சொல்கிறேன், 2017.

பழையமோடம்:
"விளம்பரத்துக்காக" என்ற வார்த்தை நேற்று இல்லையே? இன்று எங்கிருந்து முளைத்தது? டிக்கெட் காலண்டரில் ஏறுகிறதா இல்லையா?

சும்மாஇரு:
ஏறுகிறது. பிடிக்கவில்லை என்றால் அமைப்புகளுக்குப் போய் அணைத்துவிடுங்கள். ஒரு டிக் குறியை எடுக்க முப்பத்து நாலு வருஷ அனுபவம் தேவையில்லை.

பழையமோடம்:
அணைத்தால் நமக்குக் காட்டாது. பார்க்கவே பார்க்காது என்று எங்கே எழுதியிருக்கிறது? ஐரோப்பிய ஒன்றியத்திலும் ஜப்பானிலும் இந்த 'ஸ்மார்ட்' வசதிகள் முதலிலேயே அணைந்திருக்கும், வேண்டுமென்றால் போட்டுக்கொள்ளலாம். நமக்கு எரிந்துகொண்டே இருக்கும், வேண்டாமென்றால் தேடிப் போய் அணைக்க வேண்டும். அவர்களுக்கு ஒரு சட்டம், நமக்கு ஒரு டிக் குறி.

கட்டற்றகந்தன்:
இரண்டு பேரும் ஒரு நிமிடம் நிறுத்துங்கள். 'படிக்கிறது' என்றால் என்ன? மனிதன் படிப்பதா, நிரல் அலசுவதா, விளம்பரத்துக்குச் சேர்த்து வைப்பதா? ஸ்பேமைப் பிரிக்கவும் நிரல் அலசித்தான் ஆக வேண்டும். அப்புறம், தலைப்புக்கு வெளியே ஒன்று: இந்த மன்றத்தில் எல்லோரும் ஜிமெயிலுக்கு 'இலவச மாற்று' என்று எழுதுகிறீர்கள். இலவசம் வேறு, கட்டற்றது வேறு. காசு வாங்காதது இலவசம். மூலநிரலைப் பார்க்கவும் மாற்றவும் பகிரவும் உரிமை தருவது கட்டற்றது. ஜிமெயிலும் இலவசம்தானே?

சும்மாஇரு:
கந்தன் அண்ணே, இலக்கண வகுப்பு மாலையில் வைத்துக்கொள்ளலாம்.

தென்காசிக்காரன்:
இவ்வளவு சண்டை எதற்கு? நம்ம ஸோகோ இருக்கே! மத்திய அரசு ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேரின் மெயிலே அதற்கு மாறியிருக்கிறது. 2025 அக்டோபரில் அமித் ஷாவே ஸோகோ மெயிலுக்கு மாறினேன் என்று முகவரி போட்டார். எங்கள் மத்தளம்பாறையில் உட்கார்ந்து எழுதுகிற மென்பொருள் சார். கலிஃபோர்னியாக்காரனுக்கு ஏன் கும்பிடு?

2025 ஜூலையில் நயாரா எனர்ஜி என்ற எண்ணெய் நிறுவனத்துக்கு என்ன ஆனது? அதன் மீதான ஐரோப்பியத் தடையைக் காரணம் காட்டி மைக்ரோசாப்ட் மெயிலை நிறுத்திவிட்டது. இந்தியாவில் இருக்கிற நிறுவனம், காசு கட்டி வாங்கிய சேவை. டெல்லி உயர் நீதிமன்றம் வரை போன பிறகுதான் திரும்ப வந்தது.

கட்டற்றகந்தன்:
ஸோகோ மூடிய மூலநிரல். கட்டற்றது அல்ல.

தென்காசிக்காரன்:
மூடியோ திறந்தோ, நம்ம ஊரு.

சும்மாஇரு:
நம்ம ஊருதான், யார் இல்லையென்றது? 2018 செப்டம்பரில் ஸோகோ டாட் காம் என்ற முகவரியையே அதைப் பதிவு செய்துகொடுத்த அமெரிக்க நிறுவனம் அணைத்துப் போட்டது, நினைவிருக்கிறதா? ஃபிஷிங் புகார் என்று சொல்லி. நிறுவனரே ட்விட்டரில் வந்து உதவி கேட்க வேண்டியிருந்தது. அப்புறம், ஸோகோ இலவசத் திட்டத்தில் ஐமேப், அதாவது மெயிலை வேறு செயலியிலும் திறக்க விடுகிற வழி, கிடையாது. தண்டர்பேர்ட் போன்ற மெயில் செயலியில் போட்டுப் பார்க்க வேண்டுமென்றால் காசு கட்டு. கடிதங்களை மறையாக்கிப் பூட்டி வைக்கிற சுவிஸ் மெயில் சேவை புரோட்டானிலும் அதே கதை, வேறு செயலியோடு இணைக்கிற அதன் 'பிரிட்ஜ்' காசு கட்டினவர்களுக்கு மட்டும். ஜிமெயிலில் ஐமேப் இலவசம். 2004-ல் ஹாட்மெயில் 2 எம்பி கொடுத்த காலத்தில் 1 ஜிபி கொடுத்தவன் கூகுள். அதையும் கொஞ்சம் நினைக்கலாம்.

பழையமோடம்:
1 ஜிபி கொடுத்தான், சரி. மீன்காரன் தூண்டிலில் புழு வைப்பதும் இலவசம்தான். இப்போது 15 ஜிபி என்கிறான், ஆனால் 2021 ஜூனிலிருந்து படங்களும் அதிலேயே கணக்கு. பேரன் நாலு வீடியோ அனுப்பினால் பெட்டி நிறைந்தது, மாதச் சந்தா கேட்கிறான். டிக்கெட் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

மல்லிகா_76:
நான் ஒரு சின்ன விஷயம் கேட்கலாமா? எனக்கு மெயிலைவிட காலண்டர்தான் முக்கியம். பிள்ளைகளின் பரீட்சை, வீட்டுக்காரரின் ஷிஃப்ட், அம்மாவின் டயாலிசிஸ் செவ்வாய், வெள்ளி, எல்லாம் கூகுள் காலண்டரில். நாலு பேர் போனிலும் ஒரே நேரத்தில் தெரிய வேண்டும். இதை வெளியே எடுக்க முடியுமா? வாராவாரம் திரும்ப வருகிற நிகழ்வுகள் உடைந்து போகுமா?

பனங்காய் (யாழ்ப்பாணம்):
அக்கா, எடுக்கலாம். கணினியில் கூகுள் காலண்டரின் அமைப்புகளுக்குப் போனால் ஏற்றுமதி என்று இருக்கும், அதைத் தட்டினால் ஐசிஎஸ் கோப்புகளை ஒரு ஜிப்பில் தரும். எந்தக் காலண்டரும் வாசிக்கிற பொது வடிவம் அது. வாராந்த நிகழ்வு ஒரே விதியாகத்தான் வரும், உடையாது. ஆனால் இடையில் ஒரு செவ்வாயை மட்டும் புதனுக்கு மாற்றியிருந்தால், இறக்கிய பிறகு அதை ஒருக்கால் சரிபாருங்கோ.

நான் நெக்ஸ்ட்கிளவுட் போட்டிருக்கிறேன், காலண்டரை எங்கட சொந்த சர்வரிலேயே வைக்கிற மென்பொருள் அது. ஆண்ட்ராய்டில் டேவ்எக்ஸ்5 என்ற செயலி வழியாகக் குடும்பத்துக்கே ஒத்திசைகிறது. பிளே ஸ்டோரில் அதற்குக் காசு, எஃப்-டிராய்ட் என்ற கட்டற்ற செயலிகளின் தளத்தில் அதே செயலி இலவசம். புரோட்டான் காலண்டரை இதற்கு நம்பாதேங்கோ, அது கால்டேவ் என்ற பொதுவான காலண்டர் ஒத்திசைவு முறையைப் பேசாது, தன் செயலிக்குள்ளேயே நிற்கும்.

மல்லிகா_76:
நன்றி தம்பி. வீட்டில் சர்வர் வைத்தால் கரண்ட் போகும்போது அம்மாவின் செவ்வாய்க்கிழமையும் போய்விடுமா?

பனங்காய் (யாழ்ப்பாணம்):
இல்லை அக்கா, போனில் ஒரு பிரதி இருக்கும். கரண்ட் வந்ததும் மற்றப் போன்களோடு சேர்ந்துவிடும்.

சும்மாஇரு:
பாருங்கள், டயாலிசிஸ் தேதி பார்க்க ஒரு அம்மா சர்வர் வைக்க வேண்டுமாம். எங்கள் அப்பா தினம் கிழிக்கிற காலண்டர் வைத்திருந்தார். ராகுகாலம், எமகண்டம் எல்லாம் இருக்கும், யாரும் அலசவில்லை. பழையமோடம் ஐயா அதற்கே மாறிவிடலாம்.

பழையமோடம்:
மாறலாம். ஆனால் அந்தக் காலண்டர், நான் கேட்காமல் என் விமானத்தை எழுதி வைப்பதில்லை.

ஜெர்மனியில் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் என்று ஒரு மாநிலம். 2025 அக்டோபரில் மாநில நிர்வாகம் மொத்தமும் மைக்ரோசாப்டின் மெயில் மென்பொருள்களான எக்ஸ்சேஞ்ச், அவுட்லுக்கை விட்டு, அவற்றுக்கு மாற்றான ஓபன்-எக்ஸ்சேஞ்ச், தண்டர்பேர்டுக்கு மாறி முடித்தது. 40,000-க்கும் மேற்பட்ட அஞ்சல் பெட்டிகள். மெயிலும் காலண்டர் பதிவுமாகப் பத்துக் கோடிக்கும் மேல். ஆறு மாதத்தில். அவர்களும் பொழுது போகாதவர்களா?

சும்மாஇரு:
அதே ஜெர்மனியில் மூனிக் நகராட்சி பத்துப் பன்னிரண்டு வருஷம் கட்டற்ற இயங்குதளமான லினக்ஸில் உருண்டு புரண்டு, திரும்பவும் விண்டோஸுக்கே போவதென்று முடிவு செய்தது. எந்த வருஷம் தெரியுமா? 2017.

பழையமோடம்:
உங்களுக்கு 2017-ஐத் தவிர வேறு வருஷமே தெரியாதா?

சும்மாஇரு:
உங்களுக்கு டிக்கெட்டைத் தவிர வேறு கடிதமே வராதா?

கட்டற்றகந்தன்:
ஓபன்-எக்ஸ்சேஞ்ச் கட்டற்றதா என்பதையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். அதில் சில பகுதிகள்

தென்காசிக்காரன்:
வேண்டாம் சாமி.

சும்மாஇரு:
இந்த விவாதத்தில் ஒருவரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன். ஐயா எந்த மாற்றுக்குப் போனாலும் சரி, அவர் எழுதுகிற பத்துக் கடிதத்தில் ஒன்பது ஜிமெயில்காரர்களுக்குத்தான் போகிறது. பிரதி அங்கே கிடக்கிறது. புரோட்டானில் இருந்து ஜிமெயிலுக்குப் போனால் அது சாதாரணக் கடிதம்தான். புரோட்டானுக்குள்ளேயே அனுப்பினாலும் தலைப்பு வரிக்கு முழு மறையாக்கம் இல்லை. டூட்டா என்ற இன்னொரு மெயில் சேவை தலைப்பையும் மறைக்கும், ஆனால் அதில் ஐமேப்பே கிடையாது. 2021-ல் சுவிஸ் அதிகாரிகளின் உத்தரவு வந்ததும் பிரெஞ்சு காலநிலைப் போராளி ஒருவரின் இணைய இணைப்பைக் காட்டிக்கொடுக்கிற ஐபி முகவரியைப் பதிவு செய்து கொடுத்தது இதே புரோட்டான். அப்புறம் எதற்கு இந்த ஓட்டம்?

பழையமோடம்:
நீதிமன்றம், போலீஸ் என்று வந்தால் யாரும் கொடுப்பான். நான் என்ன கள்ளக்கடத்தலா செய்கிறேன்? என் கேள்வி அதைப் பற்றி இல்லை. அது மட்டுமல்ல, நான் புரோட்டானிலும் இல்லை. சொந்த டொமைன், சொந்த சர்வர். எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க், தலைகீழ் டிஎன்எஸ், கடிதம் போலி அல்ல என்று காட்டுகிற இந்த நாலும் நானே போட்டேன். வீட்டு இணைப்பில் மெயில் வெளியே போகிற 25-ஆம் போர்ட் அடைத்திருந்தது என்று மாத வாடகைக்கு ஒரு விபிஎஸ், அதாவது வெளியே ஒரு மெய்நிகர் சர்வர், எடுத்தேன். இந்த வயதில். நீங்கள் ஒரு டிக் குறியை எடுத்துவிட்டு வீரம் பேசுகிறீர்கள்.

சும்மாஇரு:
அந்தச் சொந்த சர்வரின் மகிமை எனக்குத் தெரியாதா? 2022 ஆவணியில் உங்கள் மகள் கல்யாணப் பத்திரிகை அதிலிருந்துதான் வந்தது. எங்கள் அலுவலக மெயிலில் நேராக ஸ்பேம் பெட்டிக்குப் போய்ப் படுத்துக்கொண்டது. நான் பார்க்கும்போது கார்த்திகை.

பழையமோடம்:
அந்தப் பேச்சை எடுப்பீர்கள் என்று தெரியும். பத்திரிகை ஸ்பேமில் போனது என்று சொல்லித் தப்பித்தவர் ஊரில் நீங்கள் ஒருவர்தான். அதே சர்வரிலிருந்து எழுபது பேருக்கு அனுப்பினேன், எழுபது பேரும் வந்தார்கள். பனங்காய் தம்பிகூட யாழ்ப்பாணத்திலிருந்து வாழ்த்து அனுப்பினார்.

பனங்காய் (யாழ்ப்பாணம்):
என்னை இதுக்குள்ள இழுக்காதேங்கோ ஐயா. எனக்கும் முதலில் ஸ்பேமில்தான் கிடந்தது.

சும்மாஇரு:
😂😂😂

பழையமோடம்:
கிடந்ததைத் தேடி எடுத்தார் அல்லவா! மனசு இருந்தால் எடுக்கலாம். புது ஐபி முகவரி என்றால் பெரிய மெயில் சேவைகள் முதல் சில வாரம் சந்தேகமாகத்தான் பார்க்கும், உலகத்துக்கே தெரியும். மொய் எழுதாமல் இருப்பதற்கு டிகேஐஎம் கையெழுத்தைக் காரணம் காட்டிய முதல் ஆள் தமிழ் வரலாற்றிலேயே நீங்கள்தான்.

சும்மாஇரு:
மொய்யா? 2019-ல் என் வீட்டு கிரகப்பிரவேசத்துக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, வைஃபை ரவுட்டரைப் பிரித்துப் போட்டுப் போனது யார்? "ஃபர்ம்வேர் பழசு, மாற்றித் தருகிறேன்" என்று. அந்த ரவுட்டர் இன்றுவரை எழுந்திருக்கவில்லை. அதற்கு நான் மொய் கேட்டேனா?

தென்காசிக்காரன்:
இருவரும் உறவா?

பழையமோடம்:
இல்லை.

சும்மாஇரு:
என் சகலையின் சித்தப்பா.

மல்லிகா_76:
மன்னிக்கவும், ஐபோனுக்கு அந்த டேவ்எக்ஸ்5 உண்டா? வீட்டுக்காரர் ஐபோன்.

பனங்காய் (யாழ்ப்பாணம்):
ஐபோனுக்குத் தனிச் செயலி தேவையில்லை அக்கா. அமைப்புகளில் காலண்டர் கணக்கு சேர்க்கிற இடத்தில் 'மற்றவை' என்று போனால் கால்டேவ் கணக்கு சேர்க்கலாம். சர்வர் முகவரி, பெயர், கடவுச்சொல் போதும். உடனே கூகுளை அழிக்க வேண்டாம். ஒரு மாதம் இரண்டையும் வைத்திருங்கோ. வங்கி, ஆதார், கேஸ் புக்கிங் எல்லாவற்றிலும் பழைய மெயில்தான் கிடக்கும், சில ஓடிபி அங்கேயும் போகலாம்.

கட்டற்றகந்தன்:
இந்த இழையிலேயே உருப்படியான ஒரே பதிவு.

பழையமோடம்:
என் பதிவுகள் உருப்படியில்லையா? ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் யார் சொன்னது?

சும்மாஇரு:
ரவுட்டர்.

பழையமோடம்:
அந்த ரவுட்டர் ஏற்கெனவே செத்தது. நான் பிரேதப் பரிசோதனைதான் செய்தேன். சுற்றி வளைத்து எங்கே கொண்டுபோனாலும் நான் விடப் போவதில்லை. டிக்கெட் காலண்டரில் எப்படி ஏறியது?

சும்மாஇரு:
2017.

பழையமோடம்:
இப்போது எழுந்து போய்க் கல்யாண மொய் நோட்டை எடுத்துப் பார்த்துவிட்டு வந்தேன். உங்கள் பெயர் இல்லை. சகலை பெயர் இருக்கிறது, 501 ரூபாய்.

சும்மாஇரு:
அந்த 501-ல் பாதி என்னுடையது. அவரிடமே கேளுங்கள்.

பழையமோடம்:
கேட்டு மெயில் போட்டிருக்கிறேன். அவர் ஜிமெயில்.