லண்டன் செத்த காலேஜுக்கு அம்மாவ கூட்டிட்டு போன கதை (உங்க அனுபவத்தையும் சொல்லுங்க)

2019 ஜூன்ல அம்மா லண்டன் வந்திருந்தாங்க. நான் அப்ப அங்க ஆன்சைட். பிரிட்டிஷ் மியூசியம் போலாம்மான்னு சொன்னதும் "என்னது, செத்த காலேஜா?"ன்னாங்க. பழைய மெட்ராஸ்காரங்களுக்கு தெரியும், ஜூ உயிர் காலேஜ், எக்மோர் மியூசியம் செத்த காலேஜ். உள்ள போக காசு கெடையாதுன்னு சொன்ன பிறகுதான் சம்மதிச்சாங்க.

நான் பண்ண தப்பு, நேரா மம்மி பாக்க மாடிக்கு கூட்டிட்டு போனது. பெட்டியில துணி சுத்தி வச்சிருக்கறதெல்லாம் கூட ஓகே, பக்கத்து ரூம்ல ஒருத்தர் குழிக்குள்ள காலை மடக்கி ஒருக்களிச்சு படுத்திருக்காரு பாருங்க, எகிப்து மணல்லயே காஞ்சு போன உடம்பு, 5,000 வருஷத்துக்கும் மேல ஆச்சு, தலையில முடி கூட அப்படியே இருக்கு. அம்மா ரெண்டு நிமிஷம் பேசவே இல்ல. அப்புறம் மெதுவா "ஏன்டா, இவர யாருமே எடுத்து அடக்கம் பண்ணலியா?"ன்னாங்க. அடக்கம் பண்ணத தான்மா தோண்டி எடுத்திருக்காங்கன்னு சொன்னேன், அது இன்னும் மோசமா போச்சு.

கீழ வந்து ரொசெட்டா கல்லு, அத சுத்தி செல்ஃபி கூட்டம், நாங்க பாத்தது பாதி கல்லு பாதி முதுகு. (டிப்ஸ்: ரூம் 1ல அதோட நகல் ஒண்ணு இருக்கு, தொட்டே பாக்கலாம், கூட்டமே இருக்காது.) சரி அடுத்து ரூம் 33, நம்ம நடராஜர் இருக்காரும்மான்னு சொன்னேன். அங்கதான் பிரேக் போட்டாங்க. "பொணத்த பாத்துட்டு தலைக்கு ஊத்தாம சாமிகிட்ட எப்படிடா போறது?" நான் என்னென்னமோ சொல்லிப் பாத்தேன், அது சிலைம்மா, பூஜை கெடையாதும்மா... ம்ஹூம். சாமி எங்க இருந்தாலும் சாமிதானேன்னு கிளம்பிட்டாங்க, நானும் பின்னாடியே ஓடினேன்.

மறுநாள் தலைக்கு குளிச்சுட்டு திரும்ப வந்தோம். இந்த தடவ நேரா ரூம் 33. சோழர் காலத்து வெங்கலம். அம்மா கைய கட்டிக்கிட்டு ரொம்ப நேரம் நின்னாங்க, அப்புறம் ஒண்ணு சொன்னாங்க, நமக்கெல்லாம் தோணவே தோணாது. கோயில்ல பட்டு, மாலை, அலங்காரம்னு மூடி முகமும் ஒரு கையும்தான் தெரியும், தூக்கின கால், கீழ முயலகன் முகம், விரிச்ச சடை எல்லாம் சேத்து இப்பதான் முழுசா பாக்குறேன்னாங்க. சந்தோஷமா சொன்னாங்களா சங்கடத்துல சொன்னாங்களான்னு எனக்கு இன்னும் புரியல.

அதுக்கு அடுத்தாப்ல கண்ணாடி ரூம்ல அமராவதி ஸ்தூபி கல்லுங்க. 1845ல வால்டர் எலியட்ங்கற அதிகாரி தோண்டி மெட்ராசுக்கு அனுப்பினது, அங்கிருந்து 1859ல கப்பலேறி லண்டன் வந்திருக்கு. இதோட கூடப்பொறந்த கல்லுங்க நம்ம எக்மோர்லயும் இருக்கு, ஸ்கூல் டூர்ல போனப்ப நான் திமிங்கல எலும்ப மட்டும் பாத்துட்டு வந்தவன். ஊருக்கு திரும்பினதும் அம்மாவ கூட்டிட்டு ஆட்டோ புடிச்சு எக்மோர் போனேன். வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை லீவுன்னு நாப்பது வருஷம் மெட்ராஸ்ல இருந்தவங்களுக்கும் தெரியல, எனக்கும் தெரியல.

*

தம்பி, அதே ரூமில தாரா எண்ட பௌத்த பெண் தெய்வத்தின்ர சிலையப் பாத்தனீங்களோ? நான் இஞ்ச இருபது வருசமா இருக்கிறன், ஊரில இருந்து ஆர் வந்தாலும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுறது என்ர வேலை. 8ம் நூற்றாண்டு, வெண்கலத்துக்குப் பொன் பூசினது, கிட்டத்தட்ட ஆள் உயரம். திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில எடுத்ததெண்டு சொல்லுவினம். இலங்கையில வெள்ளைக்காரர் காலத்துக் கவர்னரா இருந்த பிரவுன்ரிக் 1830ல மியூசியத்துக்குக் குடுத்தது. என்ர மாமி திருகோணமலைக்காரி, லேபிளை நான் வாசிச்சுச் சொல்ல, "அப்ப இவ எங்களுக்கு முதலே இஞ்ச வந்து குடியேறிட்டா, என்ன?" எண்டு கேட்டுட்டுச் சிரிச்சா. பிறகு வெளிய வந்து பஸ் ஏறுமட்டும் ஒண்டும் கதைக்கேல்ல.

*

நாங்க போனது சவுத் கென்சிங்டன் பக்கமுங்க. ஸ்டேஷன்ல இருந்தே சுரங்கப்பாதை இருக்கு, மழையில நனையாம மியூசியம் வரைக்கும் போயிரலாம். நேச்சுரல் ஹிஸ்டரியில 25 மீட்டர் நீலத்திமிங்கல எலும்புக்கூடு தலைக்கு மேல தொங்குது, பையன் அதுக்குக் கீழ தரையில மல்லாக்க படுத்துட்டான், எந்திரிக்கவே மாட்டேன்னுட்டான். அப்புறம் ரோட்ட தாண்டி விக்டோரியா ஆல்பர்ட்ல திப்பு சுல்தானோட மரப்புலி. வெள்ளக்காரன் மேல ஏறி கடிக்கற மாதிரி, உள்ள துருத்தி வச்சு, கைப்பிடிய சுத்துனா புலி உறுமும், அவன் முனகுவான். 1799ல ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தப்ப தூக்கிட்டு போனது. இதெல்லாம் நான் முன்னாடியே பையன்கிட்ட சொல்லி வச்சது தப்பாப் போச்சுங்க. கண்ணாடிப் பெட்டிக்குள்ள சும்மா நிக்குது புலி. "சுத்தச் சொல்லுப்பா"ன்னு ஒரே அழுக. கடைசில நானே அங்க நின்னு உறும வேண்டியதாப் போச்சு, பக்கத்துல இருந்த ஒரு பாட்டி கை தட்டுனாங்க.

*

உறுமுனது சரி, முனகுனது யாருங்க, உங்க வீட்டம்மாவா?