புதுப்பிப்பு: காரின் இடது சைடு மிரர் மேலே கீழே அசையாததற்குக் காரணம் கிடைத்தது

முன்பு எழுதியது சுருக்கமாக: இடது மிரர் பக்கவாட்டில் நகர்கிறது, மேலே கீழே அசையவில்லை, மோட்டார் சத்தமும் இல்லை. ஃபியூஸ் சரி, வலது மிரரும் சரி.

மோட்டார் போகவில்லை. கதவுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள ரப்பர் உறைக்குள் ஒயர் அறுந்திருந்தது.

இந்த வகை மிரரில் இரண்டு மோட்டார்: ஒன்று பக்கவாட்டுக்கு, ஒன்று மேல்-கீழுக்கு. இரண்டுக்கும் சேர்த்து மூன்றே ஒயர், அதில் ஒன்று இரண்டுக்கும் பொது. பக்கவாட்டு அசைவு இருக்கிறதென்றால் பொது ஒயர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். மிரர் கனெக்டரைக் கழற்றி, பொது ஒயரிலும் மேல்-கீழ் ஒயரிலும் மல்டிமீட்டர் (வோல்ட் அளக்கும் கருவி) வைத்துச் சுவிட்சை அழுத்தினால் சுமார் 12 வோல்ட் வர வேண்டும். திசையை மாற்றினால் மைனஸ் குறி வர வேண்டும். இங்கே 0. சுவிட்ச் பக்கம் 12 இருந்தது. ஆக, நடுவில்தான் கோளாறு.

ஒயரின் மேலுறை முழுசாக இருக்கும், உள்ளே செம்பு மட்டும் அறுந்திருக்கும். கண்ணால் பார்த்து நம்பாதீர்கள். ஒவ்வொரு ஒயரையும் மெல்ல இழுங்கள். அறுந்தது ரப்பர் போல நீளும்.

பேட்டரி மைனஸைக் கழற்றிய பிறகே வெட்டுங்கள். அதே தடிமனில், மெல்லிய பல இழை உள்ள ஒயரைச் சேர்த்து, சால்டர் செய்து, ஹீட் ஷ்ரிங்க் (சூடாக்கினால் சுருங்கி இறுகும் குழாய்) போடுங்கள். ஜாயின்ட் வளையும் இடத்தில் வரவே கூடாது: சால்டர் ஏறிய இழை விறைத்து, அதன் ஓரத்திலேயே மறுபடி முறியும்.

மோட்டார் சத்தம் கேட்டும் கண்ணாடி நகராவிட்டால் ஒயரைத் தேட வேண்டாம். உள்ளே பிளாஸ்டிக் பல்சக்கரம் தேய்ந்திருக்கும்.