விறைத்த மீன்: கடற்கரையில் பார்த்தவை, பட்டவை

பாம்பனிலிருந்து:
ஏலத்தில் விளைமீனைத் தலைப்பக்கம் பிடித்துத் தூக்குவார்கள். வால் தொங்காமல் நின்றால் விலை ஏறும். வலையில் நெடுநேரம் துடித்த மீன் சீக்கிரம் விறைக்கும், வந்ததும் கொன்று ஐஸில் போட்டது தாமதமாக விறைக்கும் என்பது படகில் போகிறவர்களுக்குத் தெரிந்ததுதான். காரணத்தைப் பின்னால்தான் படித்தேன்.

தசை இழைக்குள் மயோசின் என்ற தடித்த புரத இழைகளும் ஆக்டின் என்ற மெல்லிய இழைகளும் ஊடும் பாவுமாக இல்லாமல், பக்கத்தில் பக்கத்தில் நீளவாட்டில் கிடக்கின்றன. இந்த அடுக்கின் ஓர் அலகுக்கு சார்கோமியர் என்று பெயர். ஒரு மில்லிமீட்டருக்குள் ஏறக்குறைய 400 அலகுகள் வரிசையாக நிற்கும். நரம்பின் கட்டளை வந்ததும் உள்ளே கால்சியம் பாய்கிறது, ஆக்டினில் மூடிக்கிடந்த இடங்கள் திறக்கின்றன, மயோசின் தலைகள் அங்கே பற்றி இழுக்கின்றன. இழைகளின் நீளம் குறைவதில்லை. ஒன்றின்மேல் ஒன்று நழுவுகின்றன, அவ்வளவுதான். 1954இல் இதை இரண்டு குழுக்கள் ஒரே இதழில் அடுத்தடுத்து எழுதின. ஒன்றில் ஆண்ட்ரூ ஹக்ஸ்லி, இன்னொன்றில் ஹியூ ஹக்ஸ்லி. சொந்தக்காரர்கள் இல்லை!

இழுக்க மட்டுமல்ல, பற்றிய தலை விடுபடவும் ஏடிபி என்ற எரிசக்தி வேண்டும். செத்த மீனில் அது தீர்ந்ததும் பிடித்த பிடி அப்படியே நிற்கிறது. துடித்த மீன் உயிரோடு இருக்கும்போதே பெரும்பகுதியைச் செலவழித்துவிடுகிறது. நொதிகள் புரதங்களை அரிக்கத் தொடங்கிய பிறகே உடல் தளரும்.

தொண்டியிலிருந்து:
அண்ணே, பாசி எடுக்கப் போன என் அத்தைக்குக் கெண்டைக்காலில் குரக்களி பிடித்து, கரையேற்றவே இரண்டு பேர் வேண்டியிருந்தது. கல்லாக இறுகிக் கிடந்தது. அதுவும் ஏடிபி தீர்ந்ததால்தானா?

பாம்பனிலிருந்து:
இல்லை தம்பி. அங்கே நரம்பு கட்டளையை நிறுத்தாமல் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் பாதத்தை முழங்கால் பக்கமாக மெல்ல மடக்கி இழுத்தால் விடுகிறது. விறைத்த மீனை எவ்வளவு இழுத்தாலும் விடாது.

மண்டபத்திலிருந்து:
இழுக்கவே கூடாது, அண்ணன். நான் மீன் வெட்டுகிறவள். மீனின் சதை தட்டுத்தட்டாக இருக்கும்; இடையில் மெல்லிய சவ்வு. வெந்ததும் அந்தச் சவ்வு கரைவதால்தான் குழம்பில் மீன் இதழ் இதழாகப் பிரிகிறது, ஆட்டுக்கறி பிரிவதில்லை. வளைந்து விறைத்த பாறை மீனைப் பெட்டியில் அடங்கவில்லை என்று சிலர் அமுக்கி நிமிர்த்துவார்கள். பிடி விடாது, சவ்வுதான் கிழியும். அறுக்கும்போது பார்த்தால் துண்டு முழுக்க வாய் பிளந்திருக்கும். அப்படிப்பட்ட மீனை வறுக்க வாங்காதீர்கள், சட்டியில் உதிர்ந்துவிடும். புத்தம்புதிய கணவாயில் உப்பு தூவினால் துள்ளுகிறதே, அது ஏடிபி இன்னும் மிச்சமிருப்பதால்தானே?

பாம்பனிலிருந்து:
ஆமாம். உப்பின் சோடியம் நரம்பையும் தசையையும் கிளப்பிவிடுகிறது. மறுநாள் கணவாயில் எவ்வளவு தூவினாலும் அசையாது.