ஆய்வு அனுபவம் இல்லாமல் வெளிநாட்டு முதுமாணிக்கு விண்ணப்பிக்கலாமா?

பாலியாறு:
வணக்கம். நான் மூன்று ஆண்டு விஞ்ஞானப் பட்டம் முடித்தவள். நான்காம் ஆண்டு இல்லாததால் ஆய்வேடு எதுவும் செய்யவில்லை. இப்போது முல்லைத்தீவு மாவட்டத்தில் துணுக்காய்ப் பக்கம் அபிவிருத்தி உத்தியோகத்தராக இருக்கிறேன், இரண்டு வருடத்துக்கு மேலாகிறது. வேலையில் பாதி சின்னக் குளங்களோடுதான். சிறுபோக (வருடத்தின் இரண்டாம் நெற்போக) விதைப்பை முடிவு செய்யும் கூட்டத்துக்குக் குறிப்பெடுப்பது, எந்தக் குளத்தின் கீழ் எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று கமக்காரர் அமைப்புகளோடு பேசுவது, இப்படி. நீர்வளம் சம்பந்தமான முதுமாணியை (மாஸ்டர்ஸ்) வெளியில் படிக்க ஆசை. விண்ணப்பப் படிவத்தைத் திறந்தால் 'ஆய்வு அனுபவம்' என்று ஒரு பெட்டி நிற்கிறது. அதில் எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. இந்த நிலையில் விண்ணப்பிப்பது காசைக் கரியாக்குகிற வேலையா?

மாங்குளம்_சந்தி:
ஓம், இப்போதைக்கு அப்படித்தான். அமெரிக்காவை எடுங்கள். அங்கே சம்பளத்தோடு கிடைக்கும் இடங்கள் பெரும்பாலும் ஆய்வுக்கான இடங்கள். பேராசிரியர் தன் ஆய்வு நிதியிலிருந்து காசு தருகிறார், அதனால் ஏற்கெனவே ஏதாவது செய்து முடித்த ஆளைத்தான் தேடுவார். அதோடு மூன்று ஆண்டுப் பட்டத்தைப் பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் தங்களுடைய நான்கு ஆண்டுப் பட்டத்துக்குச் சமமாக எடுப்பதில்லை. விண்ணப்பக் கட்டணமோ டொலரில், ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனி. முதலில் கிளிநொச்சி அறிவியல் நகர் வளாகத்திலோ வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ ஒரு விரிவுரையாளரிடம் ஆய்வு உதவியாளராகச் சேருங்கள். ஒரு வருடம் போகட்டும், பிறகு யோசிக்கலாம்.

ஒட்டுசுட்டான்_பெடியன்:
அண்ணை, அக்கா கேட்டது முதுமாணி. நீங்கள் கலாநிதிப் பட்டத்துக்கு (பிஎச்டி) பதில் சொல்லிவிட்டுப் போகிறீர்கள்.

ஐரோப்பாவில் மூன்று ஆண்டுப் பட்டம்தான் பல நாடுகளில் வழக்கம், அங்கே அதைப் பொதுவாகக் குறையாக எடுப்பதில்லை. பிரித்தானிய அரசின் செவனிங் புலமைப்பரிசில் கேட்பது 2,800 மணி நேர வேலை அனுபவம். ஆய்வைக் கேட்பதில்லை. ஜேர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டிஏஏடி புலமைப்பரிசில் கொடுக்கிற அபிவிருத்தி சார்ந்த பாடநெறிகளுக்கும் இரண்டு வருட வேலை அனுபவம்தான் வேண்டும். ஆனால் பட்டம் முடித்துப் பொதுவாக ஆறு வருடம் தாண்டியிருக்கக் கூடாது, அக்கா கவனிக்க வேண்டியது அதைத்தான். ஒரு வருடம் போகட்டும், இன்னொரு வருடம் போகட்டும் என்று தள்ளினால் அந்தக் கதவு மூடிவிடும். நான் பாடநெறி வகை, அதாவது ஆய்வைவிட வகுப்புகளே முக்கியமான முதுமாணிக்குத்தான் போனேன். விண்ணப்பிக்கும்போது ஆய்வு என்று காட்ட என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

மாங்குளம்_சந்தி:
தம்பி, நீங்கள் சொல்லும் புலமைப்பரிசில்களுக்கு இலங்கையில் எத்தனை பேர் போட்டி போடுகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். கொழும்பிலிருந்து வருகிற ஒருவரிடம் வேலை அனுபவமும் இருக்கும், ஆய்வுக் கட்டுரையும் இருக்கும். தகுதி இருப்பது ஒன்று, தெரிவாவது வேறொன்று. வன்னிப் பிள்ளைகளுக்கு நம்பிக்கை கொடுக்க வேண்டும் என்பதற்காகப் பொய் நம்பிக்கை கொடுக்கக் கூடாது.

வெயில்_கிளிநொச்சி:
எல்லாரும் வெளியில் போனால் குளத்தை ஆர் பார்க்கிறது?

பாலியாறு:
வெயில் அண்ணா, திரும்பி வருகிற எண்ணத்தில்தான் கேட்கிறேன். செவனிங்கில் போனால் முடித்த பிறகு இரண்டு வருடம் நாட்டில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனையும்கூட.

மாங்குளம் அண்ணா, ஆய்வு உதவியாளர் வேலை ஒரு திட்டத்தின் காசு முடிந்தால் முடிந்துவிடும். அரச உத்தியோகத்தை விட்டுவிட்டு அதற்குப் போகிறேன் என்று வீட்டில் சொன்னால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். என் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. கண்டியில் வார இறுதி முதுமாணி செய்யலாமே என்றும் பலர் சொல்லியிருக்கிறார்கள். மாங்குளத்தில் ஏ9 பஸ் பிடித்து வெள்ளி இரவு போய் ஞாயிறு இரவு திரும்பி, திங்கள் காலை அலுவலகத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

ஒட்டுசுட்டான்_பெடியன்:
வேலையை விட வேண்டாம் அக்கா. அந்த வேலைக்குள்ளேயே ஓர் ஆய்வு கிடக்கிறது.

80 ஹெக்டேயருக்குக் குறைவாகப் பாய்ச்சுகிற குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வருபவை. பலவற்றில் நீர்மட்டம் பார்க்க ஓர் அளவுகோல்கூடக் கிடையாது. குளக்கட்டில் நின்று கண்ணால் பார்த்துத்தான் சிறுபோகத்துக்கு இத்தனை ஏக்கர் என்று முடிவு செய்கிறார்கள். அந்த முடிவுகள் உங்கள் கூட்டக் குறிப்பில் இருக்கின்றன. இன்னொரு பக்கம் ஐரோப்பாவின் சென்டினல்-2 செய்மதிப் படங்கள் 2015 முதல் இலவசமாகக் கிடக்கின்றன. படத்தின் ஒரு புள்ளி 10 மீற்றருக்கு 10 மீற்றர், அதாவது ஒரு ஹெக்டேயருக்கு 100 புள்ளி. சின்னக் குளத்தின் நீர்ப்பரப்பைக்கூட அளந்துவிடலாம். கூட்டம் நடந்த வாரத்தில் குளத்தில் இருந்த நீர்ப்பரப்பு எவ்வளவு, அனுமதித்த ஏக்கர் எவ்வளவு, கடைசியில் எவ்வளவு அறுவடையானது? கண் மதிப்பீடு எந்த வருடங்களில் பிழைத்தது? வரைபட மென்பொருள் கியூஜிஐஎஸ் இலவசம், பழைய லப்டொப் போதும்.

மாங்குளம்_சந்தி:
கேட்க நல்லாய்த்தான் இருக்கிறது. ஆனால் கூட்டக் குறிப்பெடுத்ததை ஆய்வு என்று பெயர் மாற்றி எழுதினால் தெரிவுக் குழு இரண்டு நிமிடத்தில் கண்டுபிடிக்கும். அலுவலக வேலை அலுவலக வேலைதான்.

அறிவியல்நகர்_விரிவுரையாளர்:
பரிந்துரைக் கடிதம் எழுதுகிற பக்கத்தில் இருப்பதால் சில விஷயங்கள் சொல்ல வேண்டும்.

பெயர் மாற்றுவது பற்றி மாங்குளம் சொல்வது சரி. ஆனால் பெடியன் சொன்னது பெயர் மாற்றம் அல்லவே, அதில் ஒரு கேள்வி இருக்கிறது. தப்பாகப் போகக்கூடிய கேள்வி, அதனால்தான் நல்ல கேள்வி. தடைகளையும் சொல்லிவிடுகிறேன். கார்த்திகை, மார்கழியில் முகில் மூடிவிடும், அந்த மாதங்களுக்கு முகிலை ஊடுருவிப் பார்க்கிற சென்டினல்-1 ராடார் படம் வேண்டும். பங்குனியில் வானம் தெளிவு, ஆனால் ஆகாயத்தாமரை படர்ந்த குளத்தைக் கணினி தரை என்று எடுத்துக்கொள்ளும். நேரில் போய்ப் பார்க்காதவருக்கு அது தெரியவே வராது. பாலியாறு அந்தக் குளக்கட்டில் நிற்கிறவர், பாரிஸில் இருந்து படம் பார்க்கிற மாணவனுக்கு இல்லாத வசதி அது. பரப்பு தெரிந்தால் கொள்ளளவு தெரிந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். வண்டல் படிந்த குளத்தில் இரண்டும் ஒத்துப்போகாது.

கூட்டக் குறிப்பு உங்கள் சொத்தல்ல. அலுவலகத் தலைவரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வாய்ப் பேச்சு போதாது.

அப்புறம், காசு கட்டினால் இரண்டு வாரத்தில் கட்டுரை போடுகிறோம் என்று மின்னஞ்சல் வரும். அதில் போட்டுவிட்டு 'ஆய்வு அனுபவம்' பெட்டியை நிரப்புகிறவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். வெறும் பெட்டி அதைவிட மரியாதையானது.

மாங்குளம்_சந்தி:
ஐயா, அந்த ஆய்வை ஒருவர் மேற்பார்வை செய்யாமல் எப்படி நம்புவார்கள்? கடிதத்தில் 'இவர் என்னோடு வேலை செய்தார்' என்று ஒருவர் எழுத வேண்டுமே. அதற்காகத்தான் உதவியாளர் வேலையைச் சொன்னேன்.

அறிவியல்நகர்_விரிவுரையாளர்:
அது நியாயமான கேள்வி. கேட்கிற பரிந்துரைக் கடிதங்களில் ஒன்றாவது நீங்கள் யோசிக்கும் விதத்தைப் பார்த்தவர் எழுதியதாக இருக்க வேண்டும். அதற்கு முழுநேர வேலை தேவையில்லை. முடித்த ஒரு வரைபடத்தோடும் ஒரு பக்கக் குறிப்போடும் விரிவுரையாளர் ஒருவரிடம் போனால் பத்தில் சிலராவது நேரம் தருவார்கள். வெறுங்கையோடு வந்து 'சேர், ரிசேர்ச் செய்ய ஆசை' என்று சொல்பவர்களுக்குத்தான் நாங்கள் ஓடி ஒளிகிறோம்.

மாங்குளம்_சந்தி:
சரி, முதுமாணி வரைக்கும் ஒத்துக்கொள்கிறேன். அமெரிக்கக் கலாநிதி இடத்துக்கு இது போதாது என்பதில் மாற்றமில்லை.

ஒட்டுசுட்டான்_பெடியன்:
அதை இங்கே ஒருவரும் கேட்கவில்லை அண்ணை :)

பாலியாறு:
எல்லாருக்கும் நன்றி. அனுமதிக் கடிதம் திங்கட்கிழமை கொடுக்கப் போகிறேன். ஒரு சந்தேகம்: எல்லாக் குளத்தையும் எடுக்கவா, ஒன்றிரண்டு மட்டும் எடுக்கவா?

அறிவியல்நகர்_விரிவுரையாளர்:
மூன்று எடுங்கள். ஒன்று ஆகாயத்தாமரை உள்ளதாக இருக்கட்டும். குறிப்பை எனக்குத் தனிமடலில் அனுப்பலாம், சிறுபோகக் கூட்டத்துக்கு முதல்.