பொருள்: மறு: நாயுணவுப் பையில் ‘குரூட் புரோட்டீன்’ – ‘பருமட்டுப் புரதம்’ எனலாமா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். உலர் நாயுணவுப் பையின் பின்பக்கத்தை எப்படிப் படிப்பது என்று நாய் வளர்ப்பவர்களுக்குச் சொல்லும் சிறு கையேட்டுக்காகச் சொற்கள் கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. பெரும்பாலானவற்றை அப்படியே எடுத்துக்கொண்டேன். பையில் புரத அளவுக்கு அச்சிடும் ‘குரூட் புரோட்டீன்’ (crude protein) என்பதற்கு நீங்கள் சொன்ன தமிழ்ச் சொற்களில் மட்டும் என்னால் உடன்பட முடியவில்லை. அந்த ஒரு சொல்லில்தான் பையின் பாதிக் கதை இருக்கிறது என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> கச்சா எண்ணெய் என்கிறோம், கச்சாப் பொருள் என்கிறோம். கச்சாப் புரதம் என்பதில் என்ன தடை? மாட்டுத் தீவனக் குறிப்புகளிலும் அப்படித்தானே போடுகிறார்கள்?

ஐயா, தீவனம் கலப்பவருக்கு அதில் தடையே இல்லை. அவர் அதை ஓர் ஆய்வகக் கணக்காக மட்டுமே பார்ப்பார். கடையில் பையைத் திருப்பிப் பார்க்கும் ஒருவருக்குக் கச்சா என்றால் சுத்திகரிக்காதது, பக்குவப்படுத்தாதது. ஒருவர் “பச்சை இறைச்சி சேர்த்திருக்கிறார்கள்” என்று மகிழ்ந்து வாங்குவார். இன்னொருவர் “மட்டமான புரதம்” என்று பையைத் திரும்ப வைத்துவிடுவார். இரண்டு பேரும் இல்லாத ஒன்றைப் படித்திருப்பார்கள். அங்கே புரதம் கச்சாவாக இல்லை. அதை அளந்த முறைதான் அப்படி.

டென்மார்க்கில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் வேலை பார்த்த யோகான் கெல்டால் 1883இல் வெளியிட்ட முறை அது. மாதிரியை அடர் கந்தக அமிலத்தில் கொதிக்கவைத்துச் சிதைத்து, அதிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக வெளியேற்றி அளப்பார்கள். புரதங்களில் சராசரியாக 16% நைட்ரஜன் இருப்பதால் வந்த அளவை 6.25 ஆல் பெருக்கினால் ‘புரதம்’. அவ்வளவுதான். ஆய்வகத்தில் யாரும் புரதத்தைப் பிடித்துப் பார்ப்பதில்லை. கோழி மார்புக்கறியின் நைட்ரஜனுக்கும் இறகின் நைட்ரஜனுக்கும் தோலின் நைட்ரஜனுக்கும் இந்த முறைக்கு வேறுபாடு தெரியாது. பக்குவம் செய்யாத இறகிலுள்ள கெரட்டின் என்ற கடினப் புரதத்தை நாயின் குடல் ஏறக்குறைய அப்படியே வெளியே தள்ளிவிடும். பையில் அச்சாகும் எண்ணில் அதுவும் புரதம்தான்.

அம்மா ஒருவர் எழுதியிருந்தார்:

> ‘குரூட்’ என்பதையே விட்டுவிட்டு வெறும் ‘புரதம்’ என்று போட்டால் என்ன? ஐரோப்பாவில் அப்படிச் செய்கிறார்களே?

உண்மைதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் 767/2009 எண் ஒழுங்குமுறை, செல்லப்பிராணி உணவில் அந்த அடைமொழியை எடுத்துவிட்டுப் ‘புரதம்’ என்று மட்டும் அச்சிட இடம் தருகிறது. படிக்க எளிது, அழகாகவும் இருக்கிறது. ஆனாலும் 2007இல் வட அமெரிக்காவில் நடந்ததை நினைத்தால் எனக்கு மனம் வரவில்லை.

அந்த ஆண்டு மார்ச்சில் கனடாவின் மெனு ஃபுட்ஸ் நிறுவனம் தன் நாய், பூனை உணவுகளைச் சந்தையிலிருந்து திரும்பப் பெறத் தொடங்கியது. சாப்பிட்ட விலங்குகளுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. நாய்களும் பூனைகளும் இறந்தன. சீனாவிலிருந்து கோதுமைப் பசையம் என்ற பெயரில் வந்த சரக்கில் மெலமைன் கலந்திருந்தது பிறகு தெரிந்தது. மெலமைன், தட்டுகளும் பலகைகளும் செய்யும் பிசினுக்கான மூலப்பொருள். அதன் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். அதை 6.25 ஆல் பெருக்கிப் பாருங்கள்: 100 கிராம் மெலமைன், சோதனையில் 400 கிராமுக்கு மேல் புரதமாகக் காட்டும்! ஏமாற்றியவர்களுக்குச் சோதனை எப்படி வேலை செய்கிறது என்று நன்றாகத் தெரிந்திருக்கிறது. வாங்கியவர்களுக்கு அது தெரிய வழியே இல்லை. மறு ஆண்டு சீனாவில் குழந்தைகளுக்கான பால்மாவிலும் இதே வேலையைச் செய்தார்கள்.

அதனால்தான் அந்த அடைமொழி வேண்டும் என்கிறேன். ‘இந்த எண் நேரடியாக அளந்ததல்ல, ஒரு வழியாகக் கணித்தது’ என்ற எச்சரிக்கை சொல்லுக்குள்ளேயே இருக்க வேண்டும்.

சிலர் சொன்ன ‘மொத்தப் புரதம்’ அந்த எச்சரிக்கையைத் தரவில்லை. இரத்தப் பரிசோதனைச் சீட்டில் அதற்கு வேறு பொருளும் இருக்கிறது. ‘நைட்ரஜன்வழிப் புரதம்’ முதலில் எனக்கும் மிகவும் பிடித்திருந்தது. வரையறையே பெயராகிவிடுகிறது. ஆனால் பையில் இதே அடைமொழி மூன்று இடங்களில் வருகிறது: புரதம், கொழுப்பு, நார். கொழுப்பு என்பது ஈதர் என்ற கரைப்பானில் கரைந்து வந்த எல்லாமும். நார் என்பது மாதிரியை முதலில் நீர்த்த அமிலத்திலும் அடுத்து நீர்த்த காரத்திலும் கொதிக்கவைத்த பிறகு மிஞ்சியதில் சாம்பலைக் கழித்தது. ஜெர்மனியில் கோட்டிங்கன் அருகே வேண்டே என்ற ஊரில் 1860களில் ஹென்னபெர்க்கும் ஸ்டோமனும் வகுத்த முறை. பெக்டின் மாதிரிக் கரையும் நார் இதில் கரைந்து போய்விடும். ஆகவே ‘நார் 4%’ என்றால் உண்மையில் நார் அதைவிடக் கூடுதலாகவே இருக்கும். இந்த இரண்டிலும் நைட்ரஜனுக்கு வேலை இல்லை. மூன்றுக்கும் பொருந்தும் ஒரே அடைமொழிதான் தேவை.

என் பரிந்துரை: பருமட்டு.

பருமட்டுப் புரதம், பருமட்டுக் கொழுப்பு, பருமட்டு நார்.

இது நான் புதிதாகச் செய்த சொல் அல்ல. ஈழத்தில் ‘பருமட்டாகச் சொன்னால்’ என்று இன்றும் எழுதுகிறார்கள், பேசுகிறார்கள். நுணுக்கிப் பிரிக்காமல் பெரும்படியாக எடுத்த அளவு என்ற பொருள் அதில் தெளிவாக இருக்கிறது. தமிழ்நாட்டில் புழக்கம் குறைவு என்பது தெரியும். ஆனால் தமிழ்நாட்டு வாசகர் அதை முதல்முறை பார்க்கும்போது தவறாகப் புரிந்துகொள்ளவும் வாய்ப்பு இல்லை. ‘இது என்ன’ என்று கேட்பார். கச்சா என்றால் கேட்காமலே புரிந்ததாக நினைத்துக்கொள்வார்.

‘தோராயப் புரதம்’ ஏன் கூடாது என்று கேட்கலாம். தோராயம் என்றால் 26 என்பது 25 ஆகவோ 27 ஆகவோ இருக்கலாம் என்று தோன்றும். இங்கே சிக்கல் அதுவல்ல. நைட்ரஜனைத் துல்லியமாகத்தான் அளக்கிறார்கள். எதன் நைட்ரஜன் என்று பிரிக்காததுதான் குறை. ‘பரு’ அதைச் சொல்கிறது. (ஒற்று பற்றி யாராவது கேட்கும் முன்: வன்தொடர்க் குற்றியலுகரம், ஆகவே ப், க் மிகும், நாரில் மிகாது.)

சரி, மற்ற சொற்களுக்கு வருகிறேன்.

சிக்கன் மீல். இதைக் ‘கோழி உணவு’ என்று மொழிபெயர்த்ததைப் பார்த்தவர்கள் இருப்பீர்கள். கோழிக்குப் போடும் உணவு என்றுதான் யாரும் படிப்பார்கள். நாமக்கல் பக்கம் தீவனம் அரைப்பவர்கள் மீன் தூள், எலும்புத் தூள், கருவாட்டுத் தூள் என்று சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்கள் வழியிலேயே ‘கோழித் தூள்’ என்று எழுதியிருக்கிறேன். இறைச்சியை வேகவைத்துக் கொழுப்பை வடித்து, நீரை வற்றவைத்து அரைத்த தூள்.

இந்தச் சொல் சரியாக இருந்தால்தான் பொருள்பட்டியலைப் படிக்க முடியும். அமெரிக்க விதிப்படி பட்டியல், சேர்க்கும்போது இருந்த எடையின் வரிசையில் வரும். வேகவைப்பதற்கு முந்தைய எடை. பச்சைக் கோழியிறைச்சியில் ஏறக்குறைய 70% தண்ணீர். 20 கிலோ கோழியிறைச்சி, 18 கிலோ மக்காச்சோளம், 15 கிலோ கோழித் தூள் என்று ஒரு கலவை போட்டால் பட்டியலில் கோழியிறைச்சிதான் முதலில் நிற்கும். உருளையில் அழுத்தி வேகவைத்து உலர்த்தி வெளியே வரும்போது அந்த 20 கிலோவில் 7 கிலோ போல மிஞ்சினால் அதிகம். கோழித் தூள் பெரிதாகக் குறையாது. அதாவது, அந்தப் பையில் விலங்குப் புரதத்தின் பெரும்பகுதி மூன்றாவதாக நிற்கும் தூளிலிருந்துதான் வருகிறது. முதல் பெயர் இறைச்சியா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள் என்று சொல்வதை நான் ஏற்பதில்லை.

இதன் மறுபக்கம், ஒரே பொருளைத் துண்டு துண்டாகப் பட்டியலில் போடுவது. பட்டாணி, பட்டாணி மாவு, பட்டாணிப் புரதம், பட்டாணி நார் என்று நான்கு பெயராக வந்தால் ஒவ்வொன்றும் கீழே இறங்கிவிடும். சேர்த்துக் கூட்டினால் அதுதான் முதலிடத்தில் இருக்கும். இதற்குப் ‘பிரித்தெழுதல்’ என்று வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் ‘பிரித்தெழுதுக’ படித்த எவருக்கும் விளக்கம் தேவைப்படாது. தானியமில்லா உணவுகளில் இது அதிகம். பட்டாணியும் பருப்பும் மேலே நிற்கும் அத்தகைய உணவுகளுக்கும் நாய்களின் இதயத்தசை விரிவு நோய்க்கும் தொடர்பு இருக்கலாமா என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018 ஜூலையில் விசாரணையை அறிவித்தது. காரணம் இதுதான் என்று அது இதுவரை அறுதியிடவில்லை. கையேட்டிலும் அந்த அளவோடு நிறுத்தியிருக்கிறேன்.

பை-ப்ராடக்ட் என்பதைக் ‘கழிவு’ என்று எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அலுவலர் சங்கத்தின் வரையறைப்படி இறைச்சித் துணைப்பொருள் என்றால் நுரையீரல், மண்ணீரல், சிறுநீரகம், ஈரல், இரத்தம், உள்ளிருப்பதை அகற்றிய குடல் போன்றவை. நம் ஊரில் ஈரலும் சுவரொட்டியும் குடல்குழம்பும் இரத்தப் பொரியலும் கழிவா? சுவரொட்டியைச் சோகைக்கு நல்லது என்று கேட்டு வாங்குகிறோம். தொகுதிக்குத் தொகுதி எந்த உறுப்பு எவ்வளவு என்பது மாறும். அதுதான் இதிலுள்ள உண்மையான குறை. ஆகவே ‘துணைப்பொருள்’ போதும்.

ட்ரை மேட்டர் என்பதற்கு ‘உலர்பொருள்’ என்று தீவனத் துறையில் ஏற்கெனவே இருக்கிறது, அதையே வைத்துக்கொள்ளலாம். ஈரப்பதம் 10% உள்ள உலர் உணவில் புரதம் 24%. ஈரப்பதம் 78% உள்ள டப்பா உணவில் 9%. பார்த்தவுடன் டப்பா தோற்றது போல இருக்கும். தண்ணீரைக் கழித்துவிட்டு, 24 ஐ 90 ஆலும் 9 ஐ 22 ஆலும் வகுத்துப் பாருங்கள்: உலர் உணவில் சுமார் 27%, டப்பாவில் 41%. மேலே சொன்ன சங்கம் வளர்ந்த நாய்க்கு 18% என்றும் குட்டிக்கும் சினைநாய்க்கும் 22.5% என்றும் வைத்திருக்கும் குறைந்தபட்சப் புரத அளவுகள் உலர்பொருள் கணக்கில்தான். ஆனால் கையேட்டின் தலைப்பில் ‘உலர்தீவனம்’ என்று போடுவதை மட்டும் ஏற்க முடியாது. உலர்தீவனம் என்றால் வைக்கோலும் சோளத்தட்டையும். ‘உலர் நாயுணவு’ என்றே இருக்கட்டும்.

சாம்பலுக்குத் ‘தாதுச் சாம்பல்’ என்று எழுதியிருக்கிறேன். வெறும் சாம்பல் என்றால் அடுப்புச் சாம்பலைக் கலந்திருக்கிறார்கள் என்று பதறுகிறார்கள். எரித்த பிறகு மிஞ்சும் தாதுக்கள் அவை. எண் கூடினால் எலும்பு கூடுதல் என்று கொள்ளலாம். கிரேட் டேன் போன்ற பெரிய இனக் குட்டி வைத்திருப்பவர் இதைக் கவனிக்க வேண்டும். குட்டிகளால் மிகுதியான கால்சியத்தை உடலில் ஏறாமல் தடுத்துக்கொள்ள முடியாது, எலும்பு வளர்ச்சி கோணலாகும். அவற்றுக்குக் கால்சியம் உலர்பொருளில் 1.8% தான் உச்சவரம்பு.

‘கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு’ என்பதற்கு மட்டும் எனக்கு இன்னும் நிறைவான சொல் அமையவில்லை. வேறெதுவும் கொடுக்காமல் இதை மட்டுமே நாள்தோறும் கொடுத்தாலும் குறிப்பிட்ட பருவத்து நாய்க்கு எல்லாச் சத்தும் கிடைக்கும் என்பதுதான் அந்த வரியின் பொருள். ‘முழுமையான, சமச்சீரான’ என்று எழுதினால் அது விளம்பர வாசகம் மாதிரி ஆகிவிடுகிறது. ‘முற்றுணவு’ என்று ஒரு சொல்லை யோசித்திருக்கிறேன். இதற்கு எதிரானது, அவ்வப்போது மட்டும் கொடுப்பது, ‘இடையுணவு’. முற்றுணவு என்றால் முற்றிய உணவு, பழசு என்று யாராவது படித்துவிடுவார்களோ என்று தயக்கமாகவும் இருக்கிறது. கால்நடை மருத்துவம் பார்ப்பவர்கள், ஈழத்து நண்பர்கள் எல்லோரும் இதில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பருமட்டுக்கு மறுப்பு இருந்தால் அதையும் சேர்த்தே எழுதுங்கள். வெள்ளிக்கிழமை கையேடு அச்சுக்குப் போகிறது.

அன்புடன்