தாராசுரத்தில் கேமராவை எடுக்கலாமா, கூடாதா?

பொன்னி:
போன மாதம் தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில் முந்நூறு படங்களுக்கு மேல் எடுத்தேன். காளையும் யானையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும் சிற்பம் அங்கே உண்டு. வீட்டுக்கு வந்ததும் மகள், "யானை எந்தப் பக்கம் இருந்தது?" என்று கேட்டாள். எவ்வளவு யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை. உடன் வந்த அத்தையிடம் கைப்பேசியே கிடையாது. அவர் தரையில் விரலால் வரைந்தே காட்டிவிட்டார். கவனம் கேமராவுக்குப் போய்விட்டால் சிற்பத்துக்கு என்ன மிஞ்சும்? கோயிலுக்குள் கேமராவே வேண்டாம் என்பேன்.

படப்பெட்டி:
மறுக்கிறேன் அம்மா. பதினைந்து ஆண்டுகளாகச் சிற்பங்களைப் படம் பிடிக்கிறேன். ஒரு தூணின் மேல் சாய்வெயில் விழும்வரை அரை மணி நேரம் காத்திருப்பேன். அந்தத் தூணின் உளித்தடம்கூட எனக்கு மறப்பதில்லை. முந்நூறு படம் எடுத்த அவசரத்தைக் குறை சொல்லுங்கள், கருவியை அல்ல.

பொன்னி:
உங்களைப்போல் காத்திருப்பவர்கள் எத்தனை பேர்? லிண்டா ஹென்கெல் என்ற அமெரிக்க உளவியலாளர் 2014இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. அருங்காட்சியகத்தில் மாணவர்களைச் சில பொருள்களைப் பார்க்க மட்டும் சொன்னார். சிலவற்றைப் படமெடுக்கச் சொன்னார். மறுநாள் சோதித்தபோது, படமெடுத்த பொருள்களே குறைவாக நினைவில் இருந்தன. 'கேமரா பார்த்துக்கொள்ளும்' என்று மனம் சுமையை இறக்கி வைத்துவிடுகிறது.

படப்பெட்டி:
அதே ஆய்வின் மறுபாதியை விட்டுவிட்டீர்கள். பொருளின் ஒரு பகுதியை மட்டும் ஜூம் செய்து எடுத்தபோது நினைவு குறையவில்லை. ஜூமுக்கு வெளியே இருந்த பகுதிகளும் நினைவில் நின்றன! எதை எடுப்பது என்பதையும் அங்கே ஆய்வாளர்தான் முடிவு செய்தார். 2017இல் பராஷ், டீல் உள்ளிட்ட குழுவினர், விரும்பியதை விரும்பியபடி எடுக்க விட்டுப் பார்த்தார்கள். படமெடுத்தவர்களுக்குத்தான் கண்ணால் கண்டது கூடுதலாக நினைவிருந்தது. எதை எடுக்கலாம் என்று தேடுவதே உற்றுப் பார்ப்பதுதானே?

செவிவழி:
இடையில் ஒரு சொல். அந்த 2017 ஆய்விலேயே, படமெடுத்தவர்களுக்குக் காதில் விழுந்த விளக்கம் குறைவாகத்தான் நினைவிருந்தது. கண்ணுக்குக் கூடியது காதுக்குக் குறைந்தது. எனக்கு அது பெரிய இழப்பு. கோயிலில் உள்ளூர்ப் பெரியவர் சொல்லும் கதையை எந்தப் படமும் திருப்பித் தராது.

படப்பெட்டி:
கண்ணையும் காதையும் சேர்த்துப் பழக்க முடியாதா? தமிழ்ப் புலவர் செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானமே, அதாவது ஒரே நேரத்தில் நூறு விஷயங்களில் கவனம் வைப்பதையே, செய்து காட்டினார்.

செவிவழி:
ஐயா, அவதானம் என்ற சொல்லுக்கே கவனம் என்றுதான் பொருள். முதுகில் விழும் கற்களை எண்ணிக்கொண்டே வெண்பாவுக்கு ஈற்றடி தருவது நீண்ட பயிற்சியில் வருவது. சுற்றுலாப் பேருந்திலிருந்து இறங்கி அரை மணி நேரத்தில் திரும்புகிறவரிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமா?

படப்பெட்டி:
சரி, காது விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். கதை கேட்கும்போது கேமராவை மூடிவைப்பேன். சிற்பத்தின் முன் மூட மாட்டேன். பொன்னி அம்மா, யானை எந்தப் பக்கம் என்று இப்போதாவது தெரியுமா?

பொன்னி:
தெரியும். எடுத்த படங்களை இன்னும் திறக்கவில்லை. தரையில் அத்தையின் விரல் போன வழிதான் கண்ணில் நிற்கிறது.